கையெழுத்து வாங்காமல் ஒப்படைக்க வேண்டாம்

ஜூலை 1

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். முப்பத்தாறு வருஷம் ஊரார் எழுதியதைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தவன். எனக்கென்று எழுத என்ன இருக்கிறது? டாக்டர்தான் சொன்னார். தினமும் நாலு வரி எழுதினால் கைக்கும் நல்லது, தலைக்கும் நல்லது என்றார். கைக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

பெயர் பொ. திருமேனி. வயது அறுபத்திரண்டு. குரோம்பேட்டையில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நோட்டு தொலைந்துபோனால் எடுப்பவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் எதையும் தொலைக்கிறவன் இல்லை.

டாக்டர் மூன்று வார்த்தை சொன்னார். தாழ்ப்பாள், மாதுளை, நீலம். அடுத்த மாதம் வரும்போது திருப்பிக் கேட்பாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு தெருவில் முந்நூறு வீட்டுக்காரர் பெயரும் கதவு எண்ணும் தலைகீழாகச் சொன்னவனிடம் மூன்று வார்த்தை!

மனைவி பாக்கியத்திடம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன்.

"கண்ணு எப்படி இருக்காம்?" என்றாள்.

"கழுகுக் கண்ணாம்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

ஜூலை 2

நாளை மறுநாள் விமானத்தில் ஏறப்போகிறேன். இந்த மாதம் மட்டும் நாலு பயணம், நாலும் தனியாக. அறுபத்திரண்டு வயதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவன்.

வேலை இதுதான். ரத்தப் புற்று வந்த ஒருவருக்கு இன்னொருவர் உடம்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துக் கொடுத்தால் பிழைக்க வழி உண்டு. ரத்தத்தை உண்டாக்கும் அணுக்கள் அவை. கொடுப்பவர் ஓர் ஊரில் இருப்பார், வாங்குபவர் எங்கோ இருப்பார். அந்தப் பையைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு மனிதன் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பதிவு மையம் ஒன்று தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. ஓய்வு பெற்ற தபால்காரர்கள் கூட்டத்தில் அந்த மையத்திலிருந்து ஷெரின் என்ற பெண் வந்து பேசினார். முதலில் கை தூக்கியவன் நான். டிக்கெட் அவர்களே எடுத்துத் தருகிறார்கள், இருப்பதிலேயே மலிவான விமானத்தில்.

இன்று பயிற்சியின் கடைசி நாள். ஷெரினுக்கு முப்பது வயது இருக்கலாம். ஆணி அடிக்கிற மாதிரி பேசுகிறார்.

"சார், பெட்டியைக் கீழ வைக்கலாம், கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது. எக்ஸ்ரே மெஷின்ல விடக் கூடாது. நாங்க குடுக்கிற லெட்டரைக் காட்டுங்க, கையால சோதிப்பாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேல இருக்கிற கருவியில டெம்பரேச்சர் பார்த்து இந்தத் தாள்ல எழுதணும். யாருக்குப் போகுதுன்னு கேட்கக் கூடாது."

"கையெழுத்து?" என்றேன்.

"என்ன கையெழுத்து?"

"குடுக்கிற இடத்துல கையெழுத்து வாங்கணுமில்ல?"

"கண்டிப்பா வாங்கணும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அங்க நோயாளிக்கு ஒரு வாரமா மருந்து குடுத்து அவங்க சொந்த அணுக்களை முழுசா அழிச்சிருப்பாங்க. பெட்டி வந்தாதான் உசுரு. வரலைன்னா பழைய நிலைமைக்குக்கூடத் திரும்ப முடியாது."

ஒரு படிவம் கொடுத்தார். கடைசிக் கேள்வி: மயக்கம், வலிப்பு, மறதி ஏதாவது உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். நல்ல பேனா, வழுக்கிக்கொண்டு எழுதியது.

ஜூலை 4

கொச்சிக்குப் போய்ப் பெட்டியை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தாகிவிட்டது. பெட்டி ஆறு கிலோ. மணியார்டர் காலத்துத் தோள்பைக்கு இது எவ்வளவோ தேவலை.

கிளம்பும்போது பாக்கியம் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்துக் குண்டூசி குத்தினாள். இவள் வெள்ளிக்கிழமைகூட விளக்கேற்ற மறக்கிறவள். திடீரென்று என்ன பக்தியோ! "ஏதாவது ஒரு மாதிரி இருந்தா பிரிச்சு நெத்தியில வச்சுக்கோங்க" என்றாள். "விமானம் ஆடுனா சொல்றியா?" என்றேன். "ஆமா, ஆடுனா" என்றாள்.

மலிவு விமானம் என்றால் இருபத்தெட்டாவது வரிசை. முட்டி முன் சீட்டில் இடிக்கிறது. பக்கத்துப் பெண் வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸ் வாங்கித் தின்றாள். வாசனை கொல்கிறது. நான் பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெம்பரேச்சர் 4.2. பாதி வழியில் ஆட்டம் கொடுத்தது. சிரிப்புதான் வந்தது, பயமில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் கையெழுத்துப் போட்டு எதையும் வாங்கியதில்லை.

ஜூலை 5

தாழ்ப்பாள், மாதுளை, நீலம். பார்க்காமல் எழுதினேன்.

ஜூலை 8

பால் வாங்கப் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நடந்து ரொம்ப நாளாயிற்று என்று கொஞ்சம் சுற்றினேன், அவ்வளவுதான். என் பழைய பீட் பக்கம், அதாவது முன்பு எனக்கு ஒதுக்கியிருந்த தெருக்கள் பக்கம், கால் போய்விட்டது. ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்த அம்மாள், "யாருங்க? என்ன வேணும்?" என்று கேட்டார்.

"லட்சுமண ராவ் இருக்காரா?" என்றேன்.

"அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சே! நாங்க வீட்டை வாங்கியே எட்டு வருஷமாகுது."

லட்சுமண ராவ் இறந்தது எனக்கும் தெரியும். துக்கத்துக்கே போயிருக்கிறேன். சும்மா வாயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம், "பால் எங்க?" என்றாள். கடை மூடியிருந்தது என்றேன். காலை ஏழு மணிக்கு எந்தப் பால் கடை மூடியிருக்கும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 11

அகமதாபாத்திலிருந்து ஹைதராபாத். பெட்டி பத்திரமாகச் சேர்ந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்த விமான நிலையங்களில் இப்போது அறிவிப்பே செய்வதில்லை. நாமே பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பேருந்து நிலையத்தில்கூட ஒருவர் தொண்டை கிழியக் கூவுவார். நான் பதினாலாம் எண் வாசலில் உட்கார்ந்திருந்தேன். போர்டிங் சீட்டில் அதுதான் இருந்தது. பெட்டி மடியில். மணி பதினொன்றரை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அடுத்த முறை பார்க்கும்போது பன்னிரண்டு ஐந்து. எதிரே நீலச் சீருடைப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். வாசலை மாற்றிவிட்டார்களாம். எல்லோரும் ஏறியாகிவிட்டது, கதவை மூடப்போகிறோம் என்றாள். அவளோடு ஓடினேன். ஆறு கிலோ பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறுபத்திரண்டு வயதில் ஓடினேன்.

"என் பேரை மூன்று தடவை வந்து கூப்பிட்டாளாம். நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம்" என்று பாக்கியத்திடம் போனில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாசலை மாற்றியது அவர்கள் தப்பு.

ஜூலை 12

தாழ்ப்பாள், மாதுளை. மூன்றாவது ஒரு நிறம். முதல் பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்ப மாட்டேன்.

ஜூலை 13

நீலம்! குளிக்கும்போது வந்துவிட்டது. வாளி நீல வாளி.

ஜூலை 18

பெங்களூரிலிருந்து லக்னோ. நேற்றுக் காலை பெட்டியை வாங்கினேன், மாலை சேர்த்தேன். கையெழுத்து ஆயிற்று. இன்று சென்னை திரும்பும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு குடும்பம், கையோடு எடுத்துப்போக அனுமதித்த ஏழு கிலோவுக்கு மேல் போன பையைத் தரையில் பிரித்துப்போட்டு, மூன்று சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

நேற்று ஒரு காரியம் செய்தேன். டெம்பரேச்சர் தாளில் பன்னிரண்டு மணிக்கு எழுதியிருந்தேன், நாலு மணிக்கும் எழுதினேன். நடுவில் இரண்டு மணிக் கட்டம் வெற்றாக இருந்தது. பெட்டி என் காலடியில்தான் இருந்தது. நான் தூங்கவில்லை. ஆனால் இரண்டு மணி என்று ஒன்று வந்துபோனதாகவே எனக்குத் தெரியவில்லை. கட்டத்தில் 4.3 என்று நானே எழுதிவிட்டேன்.

முப்பத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூடப் பொய்யாக எதையும் எழுதியதில்லை. மழை என்று சாக்குச் சொல்லி மற்றவர்கள் கதவு பூட்டு என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நடந்து கொடுத்திருக்கிறேன்.

சற்றுமுன் ஷெரின் போன் செய்தார்.

"சார், ரெண்டு மணிக்கு நீங்க எழுதினது 4.3. கருவியில 5.0 பதிவாகியிருக்கு. எட்டு வரைக்கும் பரவாயில்லதான். ஆனா ஏன் வித்தியாசம்?"

"கண்ணாடியைத் துடைக்கல மேடம். தப்பாப் படிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி சார்" என்றார்.

ஜூலை 20

பயமாக இருக்கிறது.

மேலே உள்ள வரியை அடித்துவிட வேண்டும்.

ஜூலை 21

அடிக்கவில்லை. யார் படிக்கப்போகிறார்கள்?

சும்மா வீட்டில் இருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். என் அப்பா கடைசி இரண்டு வருஷம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவரையெல்லாம் "நீங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்வேன். மறுபடியும் கேட்பார். ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டேன். அவர் பயந்து நாற்காலியோடு ஒடுங்கினார். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டி கையில் இருக்கும்போது நான் தபால்காரன். இறக்கிவைத்துவிட்டால் அந்த நாற்காலிதான்.

ஜூலை 22

நாலாவது பயணம் நாளை மறுநாள். ஹைதராபாத்தில் வாங்கிப் புனேயில் கொடுக்க வேண்டும். ஷெரின் போனில் விவரமெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"சார், ஒண்ணு கேட்கணும். உடம்பெல்லாம் சரியா இருக்கீங்களா? முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. ஒரு நாள் இருக்கு, வேற ஆளைப் பார்த்துடுவேன். தப்பா நினைக்க மாட்டேன்."

பாக்கியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"எனக்கென்ன மேடம்? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றேன்.

பாக்கியம் மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள். மடித்த துண்டையே உதறி இன்னொரு தடவை மடித்தாள்.

ஜூலை 24

மேலே உள்ள தேதி என் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, பக்கத்தின் ஓரத்தில், வட்டமாக ஒரு தபால் முத்திரை இருக்கிறது. அதில் இருப்பதும் இதே தேதிதான். அதை நான் குத்தவில்லை. இன்று நடந்ததில் எனக்குத் தெரிந்ததையும், மற்றவர்கள் சொன்னதையும் தனித்தனியாக எழுதுகிறேன். இந்தத் தடவை எதையும் இட்டுக்கட்டப் போவதில்லை.

எனக்குத் தெரிந்தது. காலை எட்டரைக்கு ஹைதராபாத் ஆஸ்பத்திரியில் பெட்டியை வாங்கினேன். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. பத்து மணிக்கு 4.1. பன்னிரண்டு மணிக்குப் புனேயில் இறங்கும்போது 4.4. இரண்டையும் எழுதினேன். சேர வேண்டிய நேரம் ஒன்றரை. டாக்ஸி எடுத்தேன். தூறல். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி போகாது, நேரே நடந்தால் ஐந்தே நிமிடம் என்று டிரைவர் கை காட்டினார். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். தூறல் முகத்தில் பட்டது. எதிரே சிவப்பாக ஒரு தபால் பெட்டி.

அத்தோடு அறுந்துவிட்டது.

மற்றவர்கள் சொன்னது. ஒன்று இருபதுக்கு நான் அந்தத் தெருவிலிருந்த தபால் அலுவலகத்துக்குள் போயிருக்கிறேன். கவுன்டர் பக்கம் இல்லை, பக்கவாட்டுக் கதவு வழியாக, பீட் முடித்துத் திரும்புகிறவர்கள் நுழைகிற வழியில். கடிதம் பிரிக்கும் மேஜைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்தவர்கள் இந்தியில் கேட்டார்கள், மராத்தியில் கேட்டார்கள். நான் தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் புரியவில்லை அவர்களுக்கு. கடைசியில், "டோர் லாக். டோர் லாக்" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேனாம்.

அது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. போன வீடு பூட்டியிருந்தால் இந்தியா முழுக்க எந்தத் தபால்காரரும் எழுதுகிற குறிப்பு அதுதான். கொடுக்க முடியாத தபாலை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அலுவலகத்தில் திருப்பி ஒப்படைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் போக வேண்டும். நான் அதைத்தான் செய்யப் போயிருக்கிறேன். ஒரு மனிதரின் உயிரை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, திருப்பி ஒப்படைக்கப் போயிருக்கிறேன்.

ஒரு தபால்காரர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். நான் கத்தினேனாம். பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டால்தான் தருவேன் என்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேனாம். அவர்கள் பதிவேட்டில் இல்லாத பொருளுக்கு அவர்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்? அப்படியே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். போன், விமானத்தில் ஏறும்போது அழைப்பு வராதபடி மாற்றிய நிலையிலேயே கிடந்திருக்கிறது. ஷெரின் பதினேழு தடவை அழைத்திருக்கிறார், ஒன்றுகூட மணியடிக்கவில்லை.

மூன்று மணிக்கு போஸ்ட்மாஸ்டர் வெளி வேலை முடித்துத் திரும்பினார். பெயர் சுனந்தா காம்பிளே. என் வயதுதான் இருக்கும், தடித்த கண்ணாடி. யாரையும் என்னைத் தொட வேண்டாம் என்றார். ஒரு டம்ளர் தண்ணீரை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

இனி வருவது எனக்கே தெரியும்.

தண்ணீர் குடித்தேன். சுற்றிப் பார்த்தேன். எந்த ஊர் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு மாதிரி இருந்தது. ஏதாவது ஒரு மாதிரி இருந்தால் திருநீறு வைத்துக்கொள்ளச் சொன்னாளே! குண்டூசியை எடுத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே திருநீறு இல்லை. மடித்த தாள் மட்டும்தான். மேலே பாக்கியத்தின் கோழிக் கிறுக்கல். கீழே அதையே ஆங்கிலத்தில், கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் குண்டுக் கையெழுத்தில்.

'இவர் என் வீட்டுக்காரர். பெயர் திருமேனி. சில நேரம் மறதி வரும். கோபப்படாதீங்க. உட்காரவச்சுத் தண்ணி குடுங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடுவார். கையில இருக்கிற பெட்டியில மருந்து இருக்கு, அதுல எழுதியிருக்கிற இடத்துக்கு உடனே போகணும்.' அதன் கீழே அவள் போன் எண், ஷெரினின் போன் எண்.

தாள் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. புதிதாக எழுதியது இல்லை. முதல் பயணத்திலிருந்து இதே தாள்தான் என் நெஞ்சில் இருந்திருக்கிறது.

அதை அந்த அம்மாளிடம் நீட்டினேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. கடிதம் என்றால் கொடுக்க வேண்டியவரிடம் கொடுக்க வேண்டும்.

அவர் படித்தார். ஷெரினுக்கு போன் போட்டார். பிறகு குனிந்து பெட்டியின் மேலிருந்த முகவரியை விரல் வைத்து உரக்கப் படித்தார். எழுந்து நின்றார். அவர் குரல் அதிகாரியின் குரலாக மாறியது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலேயே புரிந்தது. "கதவு பூட்டவில்லை. திறந்திருக்கிறது. உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். உங்கள் பீட் இன்னும் முடியவில்லை, தபால்காரரே. போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்."

எழுந்துவிட்டேன். போஸ்ட்மாஸ்டர் சொன்னால் எழத்தானே வேண்டும்?

அவரே குடை பிடித்துக்கொண்டு கூட நடந்தார். முகவரியைப் படித்துக்கொண்டே நடந்தேன். கட்டடப் பெயர், மூன்றாம் மாடி, வார்டு எண். முகவரி இருந்தால் போதும், என் கால் போய்ச் சேர்ந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நர்சுகள் மழையில் நனைந்தபடி நின்றார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பது. கருவியில் 5.6. எட்டைத் தாண்டவே இல்லை, அணுக்கள் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். பெட்டியைத் தரும் முன்னால் கையெழுத்து வாங்கினேன். டெம்பரேச்சர் தாளில் இரண்டு மணிக் கட்டத்தை வெற்றாகவே விட்டேன்.

வெளியே வந்ததும் என் பையில் துருத்திக்கொண்டிருந்த இந்த நோட்டை அந்த அம்மாள் பார்த்தார். வாங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இன்றைய முத்திரையைக் குத்திக் கொடுத்தார். "நாளைக்குச் சந்தேகம் வந்தால் பாருங்கள்" என்றார்.

ஜூலை 25

இரவு என்னை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தார்கள். காலை விமானத்தில் ஷெரினும் பாக்கியமும் புனே வந்தார்கள். பாக்கியத்துக்கு அதுதான் முதல் விமானம். "இதுக்குத்தானா இவ்வளவு அலட்டல்? முட்டி வைக்க இடமில்ல, குடிக்கத் தண்ணிகூடக் காசு குடுத்து வாங்கணுமாம்" என்றாள். அழுதுவிடாமல் இருக்க அப்படிப் பேசினாள்.

ஷெரின் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"ஒருத்தர் செத்திருப்பாங்க சார். உங்களுக்குப் புரியுதா? நான் கேட்டேன். ரெண்டு நாள் முன்னாடியே வாய்விட்டுக் கேட்டேன்."

"புரியுது மேடம்."

"அப்புறம் ஏன் சார்?"

சொன்னேன். டாக்டரை, மூன்று வார்த்தையை, படிவத்தில் போட்ட குறியை, 4.3ஐ, அகமதாபாத் வாசலை. அப்பாவின் நாற்காலியையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகு அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கோபம் தீரவில்லை. தீர வேண்டியதும் இல்லை. படிவத்தை மறுபடி கேட்டு வாங்கினேன். 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, இன்றைய தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இனி எனக்குப் பெட்டி கிடையாது.

ஷெரின் போன பிறகு பாக்கியத்திடம் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கண் டாக்டர் சீட்டுல எதுக்குங்க தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"அப்ப ஏன் தடுக்கல?"

"தடுத்தா உள்ளுக்குள்ளயே செத்துப்போயிருப்பீங்க. இந்த ஒரு மாசமாவது போகட்டும்னு விட்டுட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் உங்களைத்தான் நினைச்சேன். பெட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவங்களை நினைக்கவேயில்ல. அது என் தப்பு. அந்தப் பொண்ணு என்னையும் சேர்த்துத்தான் திட்டியிருக்கணும்."

வெளியே வந்து மூன்றாம் மாடியை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். எந்த ஜன்னல் என்று கேட்கக் கூடாது.

ஜூலை 29

தாழ்ப்பாள்.

ஆகஸ்ட் 10

டாக்டரிடம் போனோம். இந்த முறை பாக்கியத்தையும் உள்ளே கூட்டிப்போனேன்.

"போன தடவை மூணு வார்த்தை சொன்னேனே?" என்றார்.

"தாழ்ப்பாள்" என்றேன். மற்றது வரவில்லை. பக்கத்தில் பாக்கியத்தின் உதடு அசைந்தது. அவளுக்கு மூன்றும் தெரியும். இந்த நோட்டைப் படிக்கிறாள் போலிருக்கிறது. படிக்கட்டும். பழத்தின் பெயரைச் சத்தமில்லாமல் உதட்டாலேயே சொன்னாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ரெண்டு வரல டாக்டர்" என்றேன். அதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. சொன்ன பிறகு தோள் லேசாக இருந்தது.

மாத்திரை மாற்றிக் கொடுத்தார். நோட்டை விடாமல் எழுதச் சொன்னார். இந்தத் தடவை கைக்காக என்று நான் வைத்துக்கொள்ளவில்லை.

வெளியே வரும்போது ஷெரினிடமிருந்து போன். அன்றைக்கு அப்புறம் அவர் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"சார், பேரெல்லாம் சொல்ல முடியாது. புனேல இருக்கிறவங்களுக்குப் புது அணுக்கள் பிடிச்சிடுச்சு. சொந்தமா ரத்தம் ஊற ஆரம்பிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். பாக்கியம் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த படியில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையில் வைக்கப் புதுத் தாள் எடுத்தாள். அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன். முப்பத்தாறு வருஷம் மற்றவர் முகவரியைப் படித்தவன். என் முகவரியை நானே எழுதுகிறேன் என்றேன். எழுதியதை இங்கேயும் ஒரு தடவை எழுதிவைக்கிறேன்.

'என் பெயர் திருமேனி. தபால்காரன். எனக்கு மறதி உண்டு. வழியில் எங்காவது உட்கார்ந்திருந்தால் தண்ணீர் கொடுத்து, கீழே உள்ள முகவரியில் சேர்த்துவிடவும். வாங்கிக்கொள்பவர்: என் மனைவி தனபாக்கியம். வீடு பூட்டியிருக்காது. கையெழுத்து வாங்காமல் ஒப்படைக்க வேண்டாம்.'